ஞானசெல்வி கொண்டுவந்த பிளாப்பி

தேனியில் எங்கள் ஆஸ்பத்திரியில் ஏசி இருந்தது இரண்டே அறைகளில்தான். ஒன்று ஆபரேஷன் தியேட்டர், இன்னொன்று என் அறை. சித்திரை வெயிலில் ஏதாவது ஒரு சாக்கு வைத்துக்கொண்டு வந்து, என் அறையில் இரண்டு நிமிஷம் நின்றுவிட்டுப் போகாத நர்ஸ் கிடையாது. நான் யாரையும் கடிந்துகொண்டதில்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டு வரச் சொல்வேன், அவ்வளவுதான். தூசி கம்ப்யூட்டருக்கு ஆகாது.

இதை முதலில் சொல்லக் காரணம், ஞானசெல்வி என்னைப் பற்றிச் சொன்னதைக் கேட்டு நீங்கள் என்னைச் சிடுமூஞ்சி என்று நினைத்திருக்கலாம். அப்படி இல்லை ஐயா. நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். எழுதுகிறவர் மெதுவாகவே எழுதட்டும். எனக்கு அவசரம் இல்லை.

என் பெயர் பொன்னுராஜ். வயது முப்பத்தாறு. தேனி பஜாரில் அப்பாவுக்கு இரும்புக் கடை. நான் பி.எஸ்சி. முடித்துவிட்டு மதராஸில் ஒரு வருஷம் கம்ப்யூட்டர் படித்தேன். எண்பத்தேழில் டாக்டர் சொர்ணலதா அம்மா ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வாங்கியபோது, அதை இயக்கத் தெரிந்தவன் என்று அவர் விசாரித்த இடத்திலெல்லாம் என் பெயரைத்தான் சொன்னார்கள்.

எங்களுக்குப் பக்கத்தில் ரத்த வங்கி கிடையாது. அவசரத்துக்கு ரத்தம் வேண்டுமென்றால் மதுரைக்குக் கார் அனுப்ப வேண்டும். போக வர நாலு மணி நேரம். அதனால் டாக்டரம்மா ஊர் ஊராக முகாம் போட்டு, ரத்தம் கொடுக்கச் சம்மதித்தவர்களின் பெயர், ரத்த வகை, எங்கே ஆள் விட்டால் கிடைப்பார்கள் என்ற விவரம் எல்லாம் எழுதி வாங்கினார். ஜெயமங்கலம், வைகை அணை, போடி, சின்னமனூர் என்று மொத்தம் ஆயிரத்து நூற்று நாற்பது பேர். அத்தனை பேரையும் நான் என் கையால் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஏற்றி முடித்த சீட்டுகளை எரித்துவிடுவோம். தேவைப்படும்போது என் புரோகிராம் அந்தப் பட்டியலை முதலிலிருந்து கடைசிவரை படித்து, பொருத்தமான பெயர்களை அச்சடித்துக் கொடுக்கும். இருபத்தைந்து நிமிஷம் ஆகும். இரண்டு வருஷமாக யாரும் குறை சொன்னதில்லை.

எண்பத்தொன்பது ஜனவரியில் எனக்கு உதவியாக ஞானசெல்வியைப் போட்டார்கள். போடிப் பெண், இருபத்திரண்டு வயது. வேகமாக டைப் அடிப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மதுரைக்குப் போய், பலவேசம் என்ற வாத்தியாரிடம் புரோகிராம் எழுதப் படித்துக்கொண்டிருந்தாள். அது எனக்குத் தெரியாது. ஆகஸ்ட் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, கைக்குட்டையில் சுற்றியிருந்த பிளாப்பி டிஸ்க் ஒன்றை என் மேஜையில் வைத்தாள்.

"சார், நானே எழுதுனது. ரத்த லிஸ்ட்டத் தேடுறதுக்கு. அரை நிமிசத்துல பேரு வந்துரும் சார்."

"எங்கன வச்சு எழுதுன?"

"மதுரையில. பலவேசம் சாரு மெசின்ல."

"அந்த மெசினை வேற யாரு யாரெல்லாம் தொடுறாக?"

நான் பிளாப்பியை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

உங்களுக்கு இது புரியவேண்டும் ஐயா. புரோகிராம் ஃபைல் என்பது வெறும் எழுத்து அல்ல. இயக்கிவிட்டால் அது என்ன சொல்கிறதோ அதை மெஷின் செய்யும். ஒரு பெயரைத் தேடு என்று சொல்லலாம். எல்லாப் பெயரையும் அழி என்றும் சொல்லலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அந்த வருஷம் வைரஸ் என்ற பேச்சு எங்கும் இருந்தது. பிளாப்பி மூலமாக மெஷினுக்கு மெஷின் தொற்றிக்கொள்ளும் புரோகிராம்கள். அதிலும் சில, வெள்ளிக்கிழமையும் பதின்மூன்றாம் தேதியும் சேர்ந்து வருகிற நாளுக்காகக் காத்திருக்கும் என்று ஆங்கிலப் பத்திரிகையில் படித்திருந்தேன். அக்டோபர் பதின்மூன்று வெள்ளிக்கிழமை. அந்தச் செய்தியை வெட்டி அறைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தேன். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஞானசெல்வியின் ஃபைலை மூன்று நாள் சோதித்தேன். ஹார்ட் டிஸ்க் இல்லாத பழைய மெஷின் ஒன்று மூலையில் கிடந்தது. கெட்டால் நஷ்டமில்லாத மெஷின். அதில் போட்டு ஓட்டினேன். ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் மற்ற ஃபைல்களின் அளவை எழுதிவைத்து ஒப்பிட்டேன். தொற்று இருந்தால் ஏதாவது ஒன்றின் அளவு கூடியிருக்கும். ஒரு பைட் கூடக் கூடவில்லை. மெஷினின் தேதியை அக்டோபர் பதின்மூன்று என்று மாற்றிவைத்து ஓட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. பட்டியலின் நகல் ஒன்றைக் கொடுத்துத் தேடச் சொன்னேன். இருபத்தெட்டு விநாடியில் சரியான பெயர்களைக் காட்டியது.

அதாவது, அந்த ஃபைல் சுத்தமானது. மூன்றாம் நாளே எனக்கு அது நிச்சயமாகத் தெரியும். நீங்கள் இரண்டு தடவை இதைக் கேட்டீர்கள். இரண்டு தடவையும் நான் சுற்றிவளைத்துத்தான் பதில் சொன்னேன். இப்போது எழுதிக்கொள்ளுங்கள்.

டாக்டரம்மாவிடம் மட்டும், இன்னும் சந்தேகம் இருக்கிறது என்றேன். அது முழுப் பொய் என்று சொல்ல முடியாது. ஃபைல் மேல்தான் சந்தேகம் தீர்ந்திருந்தது. இருபத்திரண்டு வயதுப் பெண் யாருக்கும் சொல்லாமல் ஞாயிற்றுக்கிழமை தோறும் மதுரைக்குப் போகிறாள், ஒருவரும் கேட்காமலே ஒன்றை எழுதிக்கொண்டு வருகிறாள் என்றால், எதற்காக என்று யோசிக்க வேண்டாமா? என் நாற்காலியைப் பிடிக்க இல்லாமல் வேறு எதற்கு?

மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். செப்டம்பர் பதினெட்டாம் தேதி டாக்டரம்மா என் அறைக்கே வந்துவிட்டார். செருப்பைக் கழற்ற மறந்துவிட்டார்.

"பொன்னுராஜ், அந்தப் புள்ள புரோகிராம்ல என்னதான் தப்பு கண்டீங்க?"

"இதுவரைக்கும் ஒண்ணும் இல்லைங்கம்மா. ஆனா..."

"ஒண்ணும் இல்லைன்னா போடுங்க. இருபத்தஞ்சு நிமிசம் ரத்தம் போறத நான் கையக் கட்டிக்கிட்டுப் பாத்துக்கிட்டு நிக்கணுமாக்கும்?"

போட்டேன். ஃபைலுக்கு அவள் 'ரத்தம்' என்றே பெயர் வைத்திருந்தாள்.

அந்த மாதக் கடைசியில் ஆண்டிபட்டி ரோட்டில் லாரி மோதி ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஞானசெல்வி பொத்தானைத் தட்டினாள். பெயர் வந்தது, ஆள் வந்தார், அடிபட்டவர் பிழைத்தார். மறுநாள் காலைக் கூட்டத்தில் டாக்டரம்மா எல்லார் முன்னாலும் அவளை எழுந்து நிற்கச் சொல்லிக் கை தட்டினார். நானும் தட்டினேன். அந்த ஆயிரத்து நூற்று நாற்பது பெயர்களைத் தட்டச்சு செய்தது யார் என்று யாருக்கும் ஞாபகம் வரவில்லை. எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஆனால் சோதனை செய்யாமல் எதையும் நம்பிவிடுகிற பழக்கம் அந்த ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டது என்பதை அன்று பார்த்தேன். ஆபத்து என்று நான் வாயால் சொன்னால் கேட்கமாட்டார்கள். கண்ணால் பார்த்தால்தான் நம்புவார்கள்.

அதனால் நான் ஒரு ஃபைல் எழுதினேன். சின்ன ஃபைல்தான். இயக்கினால் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரின் மேலும் வெற்றிடத்தை எழுதிவிடும். சும்மா அழித்தால் மீட்டுவிடலாம், மேலே எழுதிவிட்டால் முடியாது. அதற்கும் 'ரத்தம்' என்று பெயர் வைத்தேன். அவளுடைய ஃபைலின் அளவு எவ்வளவோ அதே அளவு வரும்வரை உபயோகமில்லாத எழுத்துக்களைப் போட்டு நிரப்பினேன். தேதியையும் அவளுடைய தேதியாக மாற்றினேன். அக்டோபர் பதின்மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு, ஞானசெல்வி பஸ் இறங்கி வருவதற்கு முன்னால், அவளுடையதை எடுத்துவிட்டு என்னுடையதை வைத்தேன்.

யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் பட்டியலை நான் பிளாப்பியில் நகல் எடுத்து இரும்பு அலமாரியில் வைப்பேன். சாவி என்னிடம்தான். பட்டியல் அழியும், டாக்டரம்மா பயப்படுவார், நான் சாயங்காலம் நகலிலிருந்து சரிசெய்து கொடுப்பேன். ஒரு பகல் பொழுது. அதுதான் திட்டம்.

பத்தே முக்காலுக்கு வார்டிலிருந்து ஏதோ ஒரு பெயர் கேட்டு அனுப்பினார்கள். ஞானசெல்வி பொத்தானைத் தட்டினாள். திரையில் ஒன்றும் வரவில்லை. திரும்பத் தட்டினாள். பிறகு பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டு, "சார்" என்றாள். நான் எழுந்து போய்ப் பார்த்தேன். சுவரில் ஒட்டியிருந்த செய்தியைக் காட்டினேன். "இன்னைக்கு என்ன தேதிம்மா?" என்று மட்டும் கேட்டேன்.

டாக்டரம்மா வந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஜீப் வந்து நின்றது. பதினொன்றரை இருக்கும்.

சுருளிப்பட்டியிலிருந்து பஞ்சம்மாள் என்ற பெண். இருபத்தைந்து வயது. அதிகாலையில் வீட்டிலேயே பெண் குழந்தை பிறந்திருந்தது. குழந்தை நன்றாக இருந்தது. தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஜீப்பின் பின் ஸீட் முழுக்க நனைந்திருந்தது. புருஷன் சீனிச்சாமி திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர். கையில் மருந்து தெளித்த நீலக்கறை அப்படியே இருந்தது. அவர் ரத்தம் சேரவில்லை. கூட வந்தவர்கள் ரத்தமும் சேரவில்லை. பஞ்சம்மாளுக்கு ஓ நெகட்டிவ். அபூர்வமான வகை.

டாக்டரம்மா மதுரைக்குக் காரை விரட்டினார். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பு ரத்தம் கொடுப்பவர்களை எழுதிவைத்த பழைய நோட்டுப்புத்தகத்தைத் தேடி எடுத்தார்கள். அதில் ஓ நெகட்டிவ் ஒரே ஒருவர், யாரோ ஒரு டிரைவர். அவர் குடும்பத்தோடு கோட்டயம் போய் ஒரு வருஷமாகிறது என்று வீட்டுக்குப் போனவர்கள் வந்து சொன்னார்கள்.

அப்போதுதான் ஞானசெல்வி கேட்டாள். "சனிக்கிழமை காப்பி இருக்குல்ல சார்? அதப் போடுங்க சார்."

நான் டாக்டரம்மாவைப் பார்த்துச் சொன்னேன். "அதுலயும் இந்தப் புள்ளையோட ஃபைல் தொத்தியிருக்கலாம்மா. போட்டா இருக்கிற ஒரே காப்பியும் போயிரும். சோதிக்கணும்."

"எம்புட்டு நேரமாகும்?"

"சாயங்காலம் ஆயிரும்மா."

"சார், எழுத முடியாம ஸ்டிக்கர ஒட்டிப் பழைய மெசின்ல போடுவோம் சார். படிக்க மட்டுந்தானே போறோம். என்ன சார் ஆகப்போகுது?"

அவள் சொன்னது சரி. பிளாப்பியின் ஓரத்தில் உள்ள சின்ன வெட்டுப் பள்ளத்தை ஒரு ஸ்டிக்கரால் மூடிவிட்டால் எந்தப் புரோகிராமாலும் அதில் எழுத முடியாது. இரண்டு நிமிஷ வேலை. நான், "உன் பேச்சைக் கேட்டுத்தாம்மா காலையில லிஸ்ட்டு போச்சு" என்றேன். டாக்டரம்மா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். உள்ளேயிருந்து நர்ஸ் கூப்பிட்டாள். "பொன்னுராஜ் சொல்றபடி செய்யுங்க" என்று சொல்லிவிட்டுத் தியேட்டருக்குள் போய்விட்டார்.

ஏன் போடவில்லை என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். இரண்டு நிமிஷத்தில் சரியாகிவிட்டால் அது ஓர் ஆபத்தாகவே யாருக்கும் தெரியாது. டாக்டரம்மா சிரித்துவிட்டு, மறுநாளே அவளுடைய இன்னொரு பிளாப்பியைப் போடச் சொல்லுவார். காலையிலிருந்து செய்ததெல்லாம் வீணாகிவிடும். ஒரு பாடம் பாதியில் நிற்கக் கூடாது.

ஞானசெல்வி நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஜூன் முகாம்ல ஒருத்தரு ஓ நெகட்டிவ் பதிஞ்சாரு சார். தேனிதான். சைக்கிள் கடைக்காரரு. பேருதான் ஞாபகம் வரமாட்டேங்குது. உங்களுக்கு ஞாபகம் இருக்கா சார்?"

"ஆயிரம் பேரும்மா. எப்படி ஞாபகம் இருக்கும்?"

அவள் செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே ஓடினாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கேட்டைத் தாண்டியதும் ஒரு கணம் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு பஜார்ப் பக்கம், இடது கைப் பக்கமாக ஓடினாள். அங்கேதான் சைக்கிள் கடைகள் அதிகம்.

வலது பக்கம் போயிருக்க வேண்டும். வலது பக்கம் திரும்பினால் அடுத்த தெருவில், மாவு மில்லுக்கு எதிரில் பேச்சிமுத்து சைக்கிள் கடை. நடந்தால் நாலு நிமிஷம். அவருடைய சீட்டை ஏற்றியது நான்தான். எழுநூற்றுப் பதினாறாவது பெயர். என் சைக்கிளுக்கு அவர்தான் பஞ்சர் ஒட்டுவார்.

ஜன்னலைத் திறந்து ஒரு குரல் கொடுத்திருந்தால் அவளுக்குக் கேட்டிருக்கும். ஏசி ஓடும்போது அந்த ஜன்னலைத் திறப்பது வழக்கமில்லை.

ஒரு மணி வாக்கில் சீனிச்சாமி என் அறை வாசலுக்கு வந்தார். செருப்பு போட்டிருக்கவில்லை, இருந்தாலும் உள்ளே வராமல் வெளியிலேயே நின்றார்.

"சாரு, ஆளு பேரு இந்த மெசினுக்குள்ளதான் இருக்குன்னு சொன்னாக."

"ஆமாய்யா. மெசின் கெட்டுப்போச்சு."

"எம்புட்டு நேரத்துல சரியாகும் சாரு?"

"சொல்ல முடியாதுய்யா. பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்க மனசு வச்சா முடியும் சாரு" என்றார். அவருக்கு எதுவும் தெரியாது. வழக்கமாகச் சொல்கிற வார்த்தைதான். நான் திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். திரையில் ஒன்றும் இல்லை.

பஞ்சம்மாள் இரண்டு மணி ஐந்து நிமிஷத்துக்கு இறந்துபோனாள். மதுரைக் கார் மூன்றேகாலுக்கு வந்தது. ஞானசெல்வி அதற்கு முன்பே திரும்பியிருந்தாள். ஏழு கடை விசாரித்திருக்கிறாள். காலில் கண்ணாடி கிழித்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. மருந்து போடச் சொன்னேன். அவள் காதில் விழவில்லை.

நாலரை மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு நகல் பிளாப்பியைப் போட்டேன். பட்டியல் திரும்ப வர மூன்று நிமிஷம் ஆனது. மேற்கொண்டு ஒரு மணி நேரம் அறைக்குள் உட்கார்ந்திருந்துவிட்டு வெளியே வந்து சொன்னேன். டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க முதல்லயே சொன்னீங்க, நாந்தான் கேக்கல" என்றார். அழுதார். ஞானசெல்வியை அன்றே அனுப்பிவிட்டார்கள். ஆதாரம் இருக்கட்டும் என்று அந்தக் கெட்ட ஃபைலை ஒரு பிளாப்பியில் எடுத்து, உறையில் போட்டு, ஒட்டி, கையெழுத்திட்டு டாக்டரம்மாவிடம் நானே கொடுத்தேன். எல்லாம் முறைப்படி இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை பேச்சிமுத்து ஆஸ்பத்திரிக்கு வந்தார். விஷயம் அவர் காதுக்கு எட்டியிருந்தது. "என் ரத்தம் வேணும்னு தேடினாகளாமே. நான் அன்னைக்குப் பூராவும் கடையிலதானய்யா இருந்தேன்" என்றார். யாரிடம் சொல்வது என்று தெரியாமல் வாட்ச்மேனிடமும் நர்ஸ்களிடமும் என்னிடமும் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். உட்காரச் சொல்லி நான்தான் தண்ணீர் கொடுத்தேன்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஞானசெல்வி சும்மா இருக்கவில்லை. தன்னிடம் இருந்த மூலப் பிளாப்பியை டாக்டரம்மாவிடம் கொண்டுவந்து கொடுத்து, இரண்டையும் மதுரையில் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லிக் காலில் விழுந்திருக்கிறாள். பலவேசம் வாத்தியார் என் ஃபைலைத் திறந்து எழுத்தெழுத்தாகப் பார்த்திருக்கிறார். அளவைக் கூட்ட நான் நிரப்பிய குப்பைக்கு நடுவில் ஓர் இடத்தில், 'கர்த்தரே துணை' என்று ஆங்கில எழுத்தில் இருந்ததாம்.

புரோகிராம் எழுத ஆரம்பிக்கும்போது முதல் வரியாக அதை எழுதாமல் எனக்குக் கை ஓடாது. சம்பளப் புரோகிராம், வார்டுப் புரோகிராம் எல்லாவற்றிலும் இருக்கும். இதிலும் எழுதியிருக்கிறேன். அப்போது எனக்கு அது வித்தியாசமாகத் தெரியவில்லை.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். ஞானசெல்வியின் ஃபைலில் எந்தக் கெடுதலும் இல்லை என்று தெரிந்தே, அதன் இடத்தில் என்னுடையதை வைத்தது நான். நகல் கையில் இருந்தும் போடாதவன் நான். பேச்சிமுத்துவின் பெயரும் கடையும் தெரிந்திருந்தும் இரண்டரை மணி நேரம் சொல்லாமல் இருந்தவனும் நான். பஞ்சம்மாளை எனக்கு முன்பின் தெரியாது. அந்தக் குடும்பத்தின் மேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்று பிளாப்பியை அடையாளம் காட்ட ஞானசெல்வியை இந்த ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்தீர்கள். என் அறையையும் சாவியையும் அவளிடமே கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் அவளிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். "வெளியில இருந்து யாரு எது கொண்டுவந்தாலும் சோதிக்காமப் போட்டுறாதம்மா" என்றேன். அவள் என்னைப் பார்த்தாளே தவிர, சரி என்று சொல்லவில்லை. எனக்கு அதுதான் கவலையாக இருக்கிறது ஐயா. சின்னப் பெண். எல்லாரையும் நம்பிவிடுகிறாள். அந்த மெஷினுக்குள் அத்தனை பேர் உயிர் இருக்கிறது. நான் இல்லாத நேரத்தில் அங்கே யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால், அதற்கு யார் பொறுப்பு?